முன் பிறேக்

விமலநாதனிடம் யாராவது "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால், இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவர். மொன்றியலுக்கு வந்து கன காலமாகியும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. கொன்ரெய்னர் கதவை மற்றவர்கள் பூட்டினாலும் போய் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். கூட வேலை செய்தவர்களுக்கு அது எரிச்சல்.

அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அவருடைய நீல நிற சுசுகி மோட்டார் சைக்கிள். பனி கரைந்ததும் செயின்ட்-மிஷேலிலிருந்து அதில்தான் வேலைக்குப் போவார். பனிக்காலத்தில் அதை ரொக்ஸ்பரோவில் மரியதாசனின் கராச்சில் விடுவார். மரியதாசன் மட்டக்களப்பான். வீட்டோடு சேர்ந்த கராச்சில் தெரிந்த ஆட்களின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் திருத்திக் கொடுத்துச் சீவித்தவன்.

2006ஆம் ஆண்டு வசந்தத்தில் மரியதாசன் அந்தச் சுசுகிக்குப் புது பிறேக் கட்டைகள் போட்டுக் கொடுத்தான். ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஜரி வீதிச் சந்தியில் எதிரே வந்த சாம்பல் நிறக் கார் ஒன்று இடப்பக்கம் திரும்புவதற்காக நின்றது. அதில் இருந்த கிழவர் தன்னை நேராகப் பார்த்ததை விமலநாதன் கண்டார். கண்டுவிட்டார், வழி விடுவார் என்று நினைத்து வேகத்தைக் குறைக்காமல் போனார். கார் திரும்பியது. பிறேக் பிடித்தார். பின்சில்லு கீச்சிட்டு இழுபட, மோட்டார் சைக்கிள் நிற்காமல் போய்க் காரின் கதவில் மோதியது. தோள்பட்டை எலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவர் மனைவி செல்வமலரிடம் சொன்ன முதல் வார்த்தை, "பிறேக் பிடிக்கேல்லை."

"பிழை கார்க்காரனிலதான் எண்டு பொலிஸ் சொல்லுது," என்றாள் அவள்.

"கார் திரும்பினது வேற கதை. நான் முழுப் பலத்தோட மிதிச்சனான். நிக்கேல்லை. அவன் பழசைத் துடைச்சுப் போட்டிருக்கிறான்."

செல்வமலர் தலையணையைச் சரி செய்தாள். மறுத்துப் பேசினால், மரியதாசனுக்காக ஏன் பேசுகிறாய் என்று கேட்பார் என அவளுக்குத் தெரியும்.

தோளில் கட்டோடு வீட்டிலிருந்த நாட்களில் அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தமிழ்க் கடையில் சொன்னார். கோயில் வாசலில் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. மரியதாசன் எதிலும் பழைய சாமான்தான் போடுகிறானாம், மட்டக்களப்பான் யாழ்ப்பாணத்தானுக்கு இப்படித்தான் செய்வானாம் என்று அவர் சொல்லாததையும் சனம் சேர்த்துக்கொண்டது. அவர் அதை மறுக்கவில்லை.

மரியதாசன் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டான். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான்.

"அண்ணன், உங்களுக்கு விருப்பமான கராச்சுக்குக் கொண்டு போங்க. கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. நான் தொடவும் மாட்டேன், கூட வரவும் மாட்டேன்."

விமலநாதன் அப்படியே செய்தார். முன்பின் தெரியாத ஓர் இத்தாலியனின் கராச்சுக்கு வானில் ஏற்றிக் கொண்டுபோனார். அவன் பார்த்துவிட்டு, கட்டைகள் புதியவை, பிறேக்கில் ஒரு குறையுமில்லை என்றான். வளைந்த கைபிடியை மாற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விமலநாதன் யோசித்தார். திருத்துகிறவன் திருத்துகிறவனைக் காட்டிக் கொடுப்பானா?

எலும்பு பொருந்தியதும் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் ஏற நின்றார். செல்வமலர் அதைக் கிளப்புகிற திறப்பை எடுத்து ஒளித்துவிட்டாள். ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்தவர்களுக்கு ஒரு கல்லூரியின் கார் தரிப்பிடத்தில் மேற்பயிற்சி நடக்கிறது, அதை முடித்துவிட்டு வந்தால்தான் திறப்பு என்றாள். இருபது வருடமாக ஓடுகிறவனுக்கு என்ன பயிற்சி என்று அவர் சத்தம் போட்டார். பிறகு சட்டென்று சம்மதித்தார். பயிற்சியில் பிறேக் பிடிக்காமல் போனால் எல்லோருக்கும் முன்னால் மரியதாசன் பிடிபடுவான் அல்லவா?

பயிற்சியாளர் ஜினெத் என்ற கியூபெக் பெண். அவரைவிடப் பத்து வயதாவது குறைந்தவள். கூம்புகளுக்கிடையே வளைத்து ஓடவிட்டாள். அதை நன்றாகவே செய்தார். அடுத்தது திடீர் நிறுத்தம். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து, அவள் கையைத் தூக்கியதும் நிற்க வேண்டும். மற்றவர்கள் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நின்றார்கள். விமலநாதன் பின்சில்லை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றார்.

"பாத்தியா? பிறேக் பிடிக்காது," என்றார் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். குரலில் வெற்றி.

ஜினெத் அந்தச் சுசுகியில் தானே ஏறினாள். அதே வேகத்தில் வந்து கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றாள். அவர் முகம் சுருங்கியது. இவள் பாரமில்லாதவள், அதனால் நின்றது என்று எண்ணிக்கொண்டார்.

"முன் பிறேக்கைத் தொடுகிறீர்களா?" என்று கேட்டாள்.

"இரண்டையும் பிடிக்கிறேன்."

அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு சோக்குக் கட்டியை எடுத்து, வலக்கைப் பிடிக்கு முன்னாலுள்ள முன் பிறேக் நெம்பில் அழுத்தித் தேய்த்தாள். அவருடைய கறுப்புக் கையுறையைப் பார்த்தாள். "இன்னொரு முறை."

அவர் ஓடினார். அவள் கையைத் தூக்கினாள். முழுப் பலத்தோடு பிடித்தார். மறுபடியும் கோட்டைத் தாண்டித்தான் நின்றார். கையுறையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வெள்ளைப் பொட்டும் இல்லை. நெம்பில் சோக்கு அப்படியே இருந்தது.

சோக்கில் ஏதோ சூழ்ச்சி என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, தானே சோக்கைத் தேய்த்து, மறுபடியும் ஓடினார். கை சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒரு குரல் நினைவுக்கு வந்தது. பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் பழக்கிய பெரியண்ணையின் குரல். "முன் பிறேக்கைத் தொட்டியெண்டால் தலைகீழாப் போவாய்!" பிறகு அந்த நெம்பை அவர் தொட்டதே இல்லை. பின் பிறேக்கைக் கால்தான் மிதித்தது. கை பிடிப்பதாக மனம் நம்பியது.

ஜினெத்திடம் அதைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "சட்டென்று இழுத்துப் பிடித்தால் ஆபத்துத்தான். மெல்ல ஆரம்பித்து, பாரம் முன்னால் வந்தபின் இறுக்குங்கள்," என்றாள். அன்று மத்தியானம் முழுவதும் அதையே செய்தார். கடைசியில் கோட்டுக்கு முன்னால் நின்றார்.

கிழவர் தன்னைப் பார்த்ததையும் சொன்னார். "முகத்தை நம்பாதீர்கள். பார்க்கிற எல்லோருக்கும் நாம் தெரிவதில்லை. காரின் முன்சில்லைப் பாருங்கள். அது உருண்டால் உங்கள் கை ஏற்கெனவே பிறேக்கில் இருக்க வேண்டும்," என்றாள். உலகத்தையே நம்பாத நான், நம்பக் கூடாத ஒருவரைத்தான் அன்று நம்பியிருக்கிறேன் என்று அவருக்குப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் போய், "மரியதாசனில பிழையில்லை. எனக்குத்தான் பிறேக் பிடிக்கத் தெரியேல்லை," என்று சத்தமாகச் சொன்னார்.

சாமான் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார். "அவன் உமக்கு என்ன தந்தவன்?"

"ஒண்டும் தரேல்லை!"

"சரி சரி, நாங்கள் நம்புறம்." அவர் சிரித்த விதத்தில் நம்பிக்கை துளியும் இல்லை.

அங்கிருந்து நேராக ரொக்ஸ்பரோவுக்குப் போனார். கராச்சில் ஒரே ஒரு பழைய வான் நின்றது. மரியதாசன் எழுந்து வரவில்லை.

"இப்ப என்னத்துக்கு வந்திருக்கீங்க? இன்னும் என்ன கதை கட்டப் போறீங்க?"

விமலநாதன் சோக்கு முதல் கடைக்காரர் வரை எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். மரியதாசன் வானின் கீழே பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "கராச்சுக்கு வந்த ஆக்கள் போயிட்டாங்க, அண்ணன். நீங்க சொன்னா திரும்பி வருவாங்களா?" என்றான்.

"எல்லாரும் வர மாட்டினம்," என்றார் விமலநாதன்.

அப்படியேதான் நடந்தது. சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. அடுத்த வருடம் மரியதாசன் துறைமுகத்தில் லொறி ஓட்டப் போனான். கராச்சைச் சனி, ஞாயிறுகளில் மட்டும் திறந்தான். விமலநாதன் தன் சுசுகியை வேறு எங்கும் கொடுக்கவில்லை. பிறேக் வேலை வரும்போதெல்லாம் மரியதாசன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருந்து பாருங்க," என்பான். ஒவ்வொரு திருகாணியையும் அவர் கண்ணுக்கு முன்னால் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் முடுக்குவான். பார்க்கத் தேவையில்லை என்று விமலநாதன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். மரியதாசன் விடவில்லை.