உளநல வாரமும் முதற்பரிசுக் கட்டுரையும்

1. திரைச்சீலைத் தகுதி

என்னை உளவளத்துணை ஆசிரியை ஆக்கியது என் படிப்பல்ல, என் வகுப்பறையின் திரைச்சீலை. திருகோணமலை நகரத்தை ஒட்டிய ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு கலவன் பாடசாலையில் பதினாறு வருடங்களாக மனைப்பொருளியல், அதாவது சமையலும் தையலும், படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் மனக்கவலை கேட்க ஓர் ஆசிரியரை நியமிக்கும்படி கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கை வந்த அன்று காலையில் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்கட அறைக்குத்தான் திரைச்சீலை இருக்கு. பிள்ளையள் அழுதாலும் வெளியில தெரியாது. நீங்களே இதைச் செய்யுங்கோ."

"சேர், எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"நான் மட்டும் அதிபர் வேலை தெரிஞ்சே வந்தனான்? போகப் போகப் பழகும்."

அவர் சொன்னதில் முதற்பாதி உண்மை என்பது பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். பிற்பாதிக்குத்தான் இன்னும் காத்திருந்தோம்.

நிலாவெளியில் ஒரு விடுதியில் மூன்று நாள் செயலமர்வு வைத்தார்கள். பயிற்சி நடத்தக் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ஆளுக்கொரு பலூன் தந்து, எங்கள் கவலைகளை அதற்குள் ஊதிக் கட்டி உடைக்கச் சொன்னார். நாற்பது ஆசிரியர்கள் நாற்பது பலூன் உடைத்தோம். மதியச் சாப்பாட்டில் மீன் பொரியல் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் திரையில் 'தற்கொலை எண்ணம்' என்ற தலைப்பு வந்தபோது வளவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இதை நீங்கள் வீட்டில வாசிச்சுக் கொள்ளுங்கோ" என்று சொல்லி அடுத்ததற்குத் தாவினார். அடுத்தது குழுப் படம். அதற்கு நேரம் இருந்தது.

2. ஒலிபெருக்கியில் இரகசியம்

அந்த வருடத்தின் முதல் தவணையில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தலைமயிர் வெட்டாத பொடியன்கள். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் அவர்களை அனுப்பிவைத்தார். அடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தபிறகு, அடிக்குப் பதிலாக என்னைப் பயன்படுத்தினார்.

உண்மையாகவே கவலையோடு இருந்த ஐந்து பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியர்களிடம் மெதுவாகக் கேட்டு எடுத்து, ஒரு துண்டில் எழுதி அதிபரிடம் கொடுத்தேன். பாடவேளையில் அவர்களைக் கூப்பிட அவருடைய அனுமதி வேண்டும். அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அவர் அந்தத் துண்டை ஒலிபெருக்கியில் வாசித்தார்.

"பின்வரும் மாணவர்கள் தங்கட மனப் பிரச்சினைக்காக மனைப்பொருளியல் அறைக்குப் போகவும்."

இடைவேளைக்குள் ஐந்து பேருக்கும் பட்டப்பெயர் வந்துவிட்டது. ஒருவரும் என் அறைப் பக்கம் வரவில்லை.

"சேர், இப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆர் வருவினம்?"

"ஒளிச்சுச் செய்ய இதென்ன கள்ள வேலையோ டீச்சர்?"

பிறகு, 'மனம் திறந்து எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்தேன். முதற்கிழமை பதினான்கு கடிதங்கள் விழுந்தன. பதினொன்று பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பது பற்றி. இரண்டு கணித ஆசிரியரைப் பற்றி. ஒன்று பட்டர் கேக்குக்கு எத்தனை முட்டை என்று கேட்டிருந்தது. நான் பதில் எழுதிய ஒரே கடிதம் அதுதான். மற்றவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

3. தொண்ணூற்றிரண்டு புள்ளி

வருடத்துக்கு ஒருமுறை உளநல வாரம் கொண்டாடிப் படங்களுடன் அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் பாடசாலை பதாதை கட்டியது, பான்ட் வாத்தியம் வாசித்தது, கட்டுரைப் போட்டி வைத்தது. தலைப்பு: 'மாணவரும் மன அழுத்தமும்'. நடுவர் நான்.

முப்பத்தொரு கட்டுரை வந்தது. முப்பதில் அதிகாலையில் எழும்பும்படியும், நிறையத் தண்ணீர் குடிக்கும்படியும், பெற்றோர் சொற் கேட்கும்படியும் எழுதியிருந்தது. ஒன்று மட்டும் வேறுமாதிரி இருந்தது. எழுதியவள் தரம் பதினொன்றில் படித்த மாணவத் தலைவி. நிரோஜா என்று இங்கே எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஒன்பது ஏ எடுப்பாள் என்று பாடசாலை முழுக்க எதிர்பார்த்திருந்த பிள்ளை.

"வீட்டில் எல்லோரும் என் பெறுபேற்றோடுதான் கதைக்கிறார்கள். என்னோடு கதைப்பவர் ஒருவரும் இல்லை" என்று எழுதியிருந்தாள். கடைசிப் பந்தியில், "நான் இல்லாவிட்டால் என் மேசையைத் தங்கச்சி எடுத்துக்கொள்ளலாம். இரவல் வாங்கிய புத்தகங்களை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்" என்று முடித்திருந்தாள்.

நான் சிவப்புப் பேனையால் அதன்கீழ் எழுதியதை மறைக்காமல் சொல்கிறேன்: "நல்ல கற்பனை. எழுத்துப் பிழை இரண்டு." தொண்ணூற்றிரண்டு புள்ளி போட்டு முதற்பரிசும் கொடுத்தேன். உளவளத்துணைச் சான்றிதழ் என் தலைக்கு மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

4. நூலகத்தில் கேட்டது

கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்துப் பரிசு விபரம் ஒட்டிய மறுநாள், இடைவேளையில் நூலகத்துக்குப் போனேன். நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பாயிசா டீச்சர். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பதிவைப் பார்க்காமலே சொல்வார்.

"டீச்சர், நம்மட நிரோஜா பள்ளிக்கூடம் மாறிப் போறாவா?"

"இல்லையே. ஏன்?"

"இன்னும் பத்து நாள் தவணை கிடக்கு. எல்லாப் புத்தகத்தையும் காலையில கொண்டுவந்து தந்திட்டா. உறையும் போட்டு, கிழிஞ்ச தாளையும் ஒட்டித் தந்திருக்கா. நல்ல புள்ள."

அந்தக் கடைசிப் பந்தி ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. அவளுடைய வகுப்புக்கு ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தன் வாங்கில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். புத்தகப் பையோடு என் அறைக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன்.

"கட்டுரையில எழுதினது உம்மட கதையோ?"

"நீங்கள் வாசிச்சனீங்கள்தானே டீச்சர். நல்ல கற்பனை எண்டு எழுதியிருந்தீங்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னாள்.

அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்தேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே அவள் மனதில் போட்டுவிடுவேன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். ஆனாலும் கேட்காமல் அவளை வகுப்புக்கு அனுப்ப முடியவில்லை.

"பிள்ளை, செத்துப் போகவேணும் எண்டு யோசிக்கிறீரோ?"

"ஓம்."

பிறகு, "ஒருத்தராவது கேக்க மாட்டினமோ எண்டுதான் அதை எழுதினனான்" என்றாள்.

செயலமர்வில் படித்த ஒரு வசனம்கூட நினைவில் இல்லை. நான் பேசாமல் இருந்ததைப் பொறுமை என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். சொல்ல எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் அழுதாள், பிறகு கதைத்தாள். இரண்டு பாடவேளை கதைத்தாள். பரீட்சைத்தாளைக் கண்டால் மூச்சு அடைப்பது, வீட்டில் சிரித்துக்கொண்டு இருப்பது, தான் யாருக்கும் பாரம் என்று நினைப்பது, எல்லாம்.

"இதை நான் ஒளிச்சு வைக்க ஏலாது. அப்பாட்டையும் டொக்டரிட்டையும் சொல்லவேணும். அதுவரைக்கும் உம்மைத் தனிய விடமாட்டன்" என்றேன். தலையாட்டினாள். அப்பாவிடம் அந்தக் கட்டுரையைக் காட்டலாமா என்று கேட்டேன். புத்தகப் பையிலிருந்து அதை எடுத்துத் தந்தாள். பாயிசா டீச்சரிடம் விபரம் சொல்லி, அவரைப் பக்கத்தில் இருத்திவிட்டு அதிபரிடம் போனேன்.

5. அதிபரும் அப்பாவும்

"சோதினைக்கு மூண்டு மாசம்தான் கிடக்கு" என்றார் அதிபர். "இப்ப ஆஸ்பத்திரி அது இது எண்டு வெளிக்கிட்டால் பேர் கெட்டுப்போகும்."

"பிள்ளைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ சேர்?"

அவர் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். அவருடைய சேவைக் காலத்தில் செய்த பெரிய உளநலப் பணி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நிரோஜாவின் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். வீடு பாலையூற்றில். வேலை உடுப்போடு, கையில் எண்ணெய்க் கறையோடு வந்தார்.

"என்ர பிள்ளைக்கு விசர் எண்டுறியளோ டீச்சர்?"

"இல்லை. வருத்தம் எண்டுறன். காய்ச்சல் வந்தால் டொக்டரிட்டக் காட்டுவம்தானே."

"அவள் நல்லாத்தானே படிக்கிறாள். படிக்கிற பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

கட்டுரையை அவர் முன் வைத்தேன். எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். பெறுபேற்றோடு கதைக்கிறார்கள் என்ற இடத்தில் நின்றார். திரும்பவும் வாசித்தார்.

"இது என்னைத்தானே எழுதியிருக்கிறாள்" என்றார். "வேலையால வந்து செருப்புக் கழட்ட முதலே எத்தினை மாக்ஸ் எண்டுதான் கேக்கிறனான்."

கடைசிப் பந்திவரை வாசித்தார். முடித்தபின் தாளை மடித்து, "ஆஸ்பத்திரியில இப்ப டொக்டர் இருப்பாரோ?" என்று கேட்டார்.

மூவரும் ஓட்டோவில் போனோம். மனநலக் கிளினிக்குக்கு வெளியில் காத்திருந்த இடத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு தாய்மார் இருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். இந்த வாசலில் தெரிந்தவர்களைக் கண்டு நானும் முகம் திருப்பியிருக்கிறேன், முன்பு. டொக்டர் நிரோஜாவோடு தனியாகவும், பிறகு அப்பாவோடும் கதைத்தார். அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. மருந்தும் மாதாமாதம் கிளினிக்கும் என்று நாட்கள் போயின. இடையில் ஒருமுறை பழைய எண்ணம் திரும்பியது, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடுத்த வருடம் எழுதி நான்கு ஏ எடுத்தாள். அதிபருக்கு ஐந்து ஏ நட்டம். பெறுபேறு வந்த அன்றிரவு அவள் அப்பா எனக்குத் தொலைபேசி எடுத்து, அவள் அன்று இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள் என்று மட்டும் சொன்னார்.

முதற்பரிசுக் கட்டுரையைக் கல்வி வலயப் போட்டிக்கு அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. இரண்டாம் பரிசுக் கட்டுரை போனது. தினமும் எட்டுக் குவளை தண்ணீர் குடித்தால் மன அழுத்தம் வராது என்று அது சொன்னது. வலயத்தில் முதலிடம் கிடைத்தது. எங்கள் மலசலகூடக் குழாயில் அப்போதும் தண்ணீர் வரவில்லை.

6. இப்போது இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

ஓய்வுபெற்ற பிறகு புதிய உளவளத்துணை ஆசிரியர்களோடு கதைக்க என்னை இரண்டொரு முறை கூப்பிட்டார்கள். எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள் என்று ஒரு தம்பி கேட்டார். அவருடைய படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். வாசித்தும் விளங்காமல் பிழை திருத்திய கட்டுரைகள் இன்னும் எத்தனை என்றும் தெரியாது. அதற்குக் கட்டம் இல்லை.

நான் கற்றது இவ்வளவுதான். பிள்ளை எழுதியதை முதலில் வாசியுங்கள். எழுத்துப் பிழை ஓடிப்போகாது. சந்தேகம் வந்தால் சுற்றிவளைக்காமல் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்காததால் போகவும் மாட்டாது. தனியே சுமக்காமல் டொக்டரிடம் கூட்டிப்போங்கள். கேட்டபிறகு, பிள்ளை மறுமொழி சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், நான் கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு ஏலாத காரியம்.