மேல் பின் இல்லாத பிளக்

என் மேசை இழுப்பறையில் பழைய பிளக் ஒன்று கிடக்கிறது. பெயருக்குத்தான் மூன்று பின் பிளக். மேலே இருக்க வேண்டிய தடித்த பின், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்துக்கானது, அதில் இல்லை. அந்த இடத்தில் குறடு பட்ட தழும்புதான் இருக்கிறது. வீடு மாற்றும்போதெல்லாம் என் கணவர் அதைக் குப்பையில் போடப் பார்ப்பார், நான் விட்டதில்லை. அந்தப் பின்னைப் பிடுங்கியவர் என் சித்தப்பா.

எண்பதுகளின் கடைசியில் சித்தப்பாவும் சித்தியும் ஹைதராபாத்தில், அல்வாலில் குடியிருந்தார்கள். குழந்தைகள் இல்லை. சித்தப்பா மத்திய அரசின் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினீயர். நான் அங்கேயே ஸ்டெனோ. வார நாட்களில் அவரை சார் என்பேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சித்தப்பா என்பேன். சித்திதான் எங்கள் பாடகர் குழுவின் முதல் குரல். அவள் ஆரம்பித்தால் மற்றவர்கள் தாமாகவே சுருதியில் வந்து சேர்ந்துவிடுவோம். அந்த வருஷம் அவள் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சித்தி ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். சித்தப்பாவால் அப்படி விட முடியவில்லை. அந்தக் குரலைப் பிடித்து வைத்தே தீர வேண்டும் என்று கிளம்பினார்.

டேப் ரிக்கார்டரில் பிடிக்கலாமே என்று கேட்டேன். நாடா நாள்பட்டால் கெட்டுவிடும், கம்ப்யூட்டரில் எண்ணாக மாற்றி வைத்தால் காலத்துக்கும் கெடாது என்றார். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. மைக்கையும் அதையும் இணைக்கும் கருவி அன்று எந்தக் கடையிலும் கிடைக்காததால் அவரே ஓர் அலுமினியப் பெட்டியில் செய்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் அவர் வசமாயிற்று. சித்தி மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இத்தனை பாடுபட்டும் கம்ப்யூட்டரின் நினைவு ஒரு சரணத்தைத்தான் தாங்கும். பாடி முடித்ததும் அதை ஃப்ளாப்பியில் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனால் பாட்டும் போய்விடும்.

முதல் பதிவில் சித்தி ஒரு சரணத்தை முழுதாகப் பாடினாள். அடியில் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கூடவே ஓடியது. எனக்குப் பாட்டுதான் கேட்டது, சித்தப்பாவுக்கு இரைச்சல்தான் கேட்டது. போதாததற்கு, மழை ஈரத்தில் பெட்டியை மாட்டினால் ஃப்யூஸ் வேறு போனது. கம்பி கட்டுவார், மறுபடி போகும். தொழிற்சாலையில் யாராவது இப்படி வந்து நின்றால், முதலில் பெட்டியைத் திறந்து பார் என்று விரட்டியிருப்பார். வீட்டில் அவருக்கு நிதானம் இல்லை, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இரண்டு தொல்லையும் எர்த் வழியாகத்தான் வருகின்றன என்று முடிவுகட்டி, குறட்டை எடுத்து அந்தப் பின்னைப் பிடுங்கினார்.

இரைச்சல் நின்றது. ஃப்யூஸும் அதன் பிறகு போகவில்லை. “சத்தம் போயிட்டு, பாத்தியா?” என்றார் என்னிடம். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுவதும் மைக்கைப் பிடித்து ஒன், டூ, த்ரீ என்று அவரே சோதித்துக்கொண்டிருந்தார். ஃப்ளாப்பிக்குத் தட்டுப்பாடான காலம் என்பதால், இரைச்சலோடு இருந்த பதிவை அழித்துவிட்டு அதையே புதிய பாட்டுக்குத் தயார் செய்தார். ஒருநாள் தூசி தட்டப் போன சித்தி கையை உதறிக்கொண்டு வந்தாள்.

“உங்க பெட்டி என்னைக் கடிக்கி.”

“புதுசுல்லா, பழகிரும்” என்று அவர் கேலி செய்தார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

சனிக்கிழமை மதியம். வெளியே மழை, தரை அப்போதுதான் துடைத்த ஈரம். வெடித்த குதிகாலுக்காகச் சித்தப்பா வீட்டுக்குள் எப்போதும் ரப்பர் செருப்போடுதான் நடப்பார். சோதித்ததெல்லாம் அந்தச் செருப்போடுதான். சித்தியும் வீட்டில் செருப்புப் போடுகிறவள்தான், ஆனால் கர்த்தருடைய பாட்டைச் செருப்புக்காலோடு பாட மாட்டாள். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து மைக்கைக் கையில் எடுத்தாள். இரண்டு வரி பாடினாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு சுத்தமாக நான் கேட்டதேயில்லை. மூன்றாவது வரி வரவில்லை. மறந்துவிட்டாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது, விரல்கள் மைக்கை விடவில்லை. சித்தப்பா பாய்ந்து மெயினை அணைத்தார். சித்தி அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு நண்பர் ஒருவர் பெட்டியைத் திறந்தார். மூடிக்கு அடியில் நசுங்கி, உறை கிழிந்த ஒரு வயர் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து மைக்கின் உலோகப் பிடி வரை கரண்ட் ஓடியிருக்கிறது. ஃப்யூஸ் ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. மெயினை அணைத்த நொடியில் கம்ப்யூட்டரின் நினைவிலிருந்த அந்த இரண்டு வரியும் போய்விட்டன. அடக்கம் முடிந்து வந்த அன்று சித்தப்பா அந்த மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அந்த இரைச்சலோட பாடுனதாவது இருந்திருக்கலாம், பிள்ள.”

அவர் வீட்டைக் காலி செய்தபோது பிளக்கை நான் எடுத்துவைத்துக்கொண்டேன்.

இப்போது என் மகள் பாடுகிறாள். மைக்கை இணைக்கும் உள்ளங்கையளவு இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி லேப்டாப்பில் மாட்டியிருக்கிறாள். சித்தப்பா மாதக்கணக்கில் மாரடித்த வேலை ஒரு வயரில் முடிந்துவிடுகிறது. இரண்டு நாளாக ஏதோ இரைச்சல் என்று அலுத்துக்கொண்டிருந்தவள் நேற்று அறையிலிருந்து கூவினாள்.

“மம்மி, ஹம் போயிருச்சு!”

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். சார்ஜரின் மூன்று பின் பிளக்கை எர்த் இல்லாத இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகி வைத்திருந்தாள். கையில் மைக். வெறுங்கால். நான் சுவிட்சை அணைத்தேன்.

“கைக்கு மம்மி?” என்று முறைத்தாள். ஏன் என்பதற்கு ஹைதராபாத் இந்தியில் அப்படித்தான்.

இழுப்பறையிலிருந்து பிளக்கை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். சித்தியைப் பற்றி அதுவரை அவளுக்குச் சொன்னதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கன்வெர்ட்டரைக் கழற்றி, சார்ஜரை நேராகச் சுவரில் மாட்டினாள். ஹெட்ஃபோனை என் காதில் வைத்தாள். ‘ம்ம்’ என்று அந்த இரைச்சல் திரும்ப வந்திருந்தது.

“இருக்கட்டும்,” என்றேன், “அதோடயே பாடு.”