தம்பியின் பகல் தூக்கம்

என் தம்பி பெண்டாட்டி பொல்லாதவ. ஆறு வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். தையல் கம்பெனியில சட்டைக்குக் காலர் தைக்கிறவ. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். பேசாதவளை எப்படி நம்புறது, சொல்லுங்க?

தம்பிக்குச் சின்ன வயசுலேயே வலிப்பு உண்டு. மாத்திரையில அடங்கிக் கிடந்தது. பாட்டில் கம்பெனியில ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட்னு போக ஆரம்பிச்சதும் மறுபடி தலைகாட்டுச்சு. இந்த வருஷம் நாலு மாசத்துல அஞ்சு தடவை. ஒரு தடவை பல் தேய்க்கும்போது விழுந்து புருவம் கிழிஞ்சு மூணு தையல். இன்னொரு தடவை விழுந்தா மெஷின் பக்கமே விடமாட்டேன்னு ஃபோர்மேன் சொல்லிட்டார். இவதான் மாத்திரையில ஏதோ விளையாடுறான்னு எனக்குப் பட்டுது. எனக்குப் பட்டா பட்டதுதான்.

நைட் ஷிப்ட் வாரம் தம்பி பகல்ல வீட்டுல இருப்பான். அவ வேலைக்குப் போன நேரம் பார்த்து, பதினொரு மணி வாக்குல போவேன். காலிங் பெல்லை அமுக்கினா சத்தமே வராது, ஒயரைக் கழட்டி வச்சிருக்கா. படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அவன் போனை எடுத்து அலமாரிக்குள்ள பூட்டியிருக்கா. பட்டப்பகல்ல இவ்வளவு இருட்டு எதுக்கு? எதை மறைக்கிறா? நான் சும்மா விடுவேனா, கதவே பெயர்ந்து விழுற மாதிரி தட்டுவேன். தம்பி கண்ணைக் கசக்கிக்கிட்டு வருவான்.

"மாத்திரை போட்டியாடா?"

"போட்டேன்க்கா."

"அட்டையைக் காட்டு."

எண்ணிப் பார்ப்பேன். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. அதுதான் இன்னும் உறுத்தும். இவ்வளவு சுத்தமா வச்சிருக்கான்னா உள்ள ஏதோ இருக்கு. அவன் டீ போட்டுக் கொடுத்து ஒரு மணி வரைக்கும் பேசிக்கிட்டிருப்பான். அப்புறம் தூக்கம் போயிடுச்சுன்னு துணி துவைக்கப் போவான்.

ஒரு நாள் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு நோட்டு சிக்குச்சு. அவ கையெழுத்து. தேதி, மணி, மணி, சில தேதிக்குச் சிவப்பு வட்டம். மருந்தை நிறுத்துற நாளைக் குறிச்சு வச்சிருக்கா பாவி! ரத்தம் கொதிச்சுது. "நீ என் வீட்டுக்கு வந்துடுடா, இவகிட்ட இருந்தா செத்துப்போவ"ன்னு சொல்லிட்டு நோட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

அடுத்த வாரம் அவங்க டாக்டரம்மாகிட்ட போனப்ப, கூப்பிடாமலே நானும் போனேன். நோட்டை மேஜையில போட்டேன். "இவ பண்ற வேலையைப் பாருங்க டாக்டர்!"

டாக்டரம்மா நிதானமா புரட்டினாங்க. "இதை நான்தாம்மா எழுதச் சொன்னேன். தூங்கின நேரம், முழிச்ச நேரம். வட்டம் போட்டது வலிப்பு வந்த நாள்."

"அப்போ மாத்திரை?"

"ரத்தத்துல மருந்து சரியா இருக்கு. ஒரு வேளைகூடத் தவறல. தூக்கம்தான் சரியில்ல. விழுந்த அஞ்சு நாள்ல நாலு நாளைக்கு, முந்தின பகல் பதினொரு மணிக்கே முழிச்சிருக்கார். ஷிப்ட் மாறி மாறி வர்றதே இவர் உடம்புக்கு ஆகாது. கிடைக்கிற தூக்கமும் பாதியில போனா மாத்திரை மட்டும் எவ்வளவு தாங்கும்? பகல் ஷிப்டே கொடுக்கச் சொல்லி லெட்டர் தரேன். ஆமா, பதினொரு மணிக்கு யார் எழுப்புறாங்க?"

அவ கைப்பை வாரைத் திருகிக்கிட்டே இருந்தா. இப்போ போட்டுக் கொடுக்கப் போறான்னு அப்பவும் அவ வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவ திறக்கல. தம்பிதான் சொன்னான்: "தெருவுல ஒரே சத்தம் டாக்டர்."

எனக்காகப் பொய் சொல்றான், புருவத்துல தழும்பை வச்சுக்கிட்டு.

"தெரு இல்ல டாக்டர். நான்தான்."

வெளியே தம்பி மருந்து வாங்க வரிசையில நின்னான். என்னால அடக்க முடியல. "ஏண்டி, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியே! அவன் மண்டை உடையுற வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி."

"எப்போ?"

"இந்த வருஷ ஆரம்பத்துல, போன்ல. பகல்ல எழுப்பாதீங்கன்னு சொன்னேன். 'என் தம்பியைப் பார்க்க வரவேணாம்னு சொல்ல நீ யாருடி'ன்னு கேட்டீங்க. அதுவரைக்கும் எப்பவாவதுதான் வருவீங்க. அதுக்கப்புறம்தான் விடாம வர ஆரம்பிச்சீங்க."

கேட்டிருக்கேன். ஒரு வார்த்தை மாறாம அப்படியேதான் கேட்டிருக்கேன்.