தெரிய வேண்டியது எங்களுக்கு

பத்தாம் வகுப்போடு நின்ற நான் ஒரு படித்த மனிதரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடியேறியிருக்கும் கிளென் வேவர்லியில் தமிழ் முதியோர் ஒன்றுகூடலுக்கு என் கணவரைக் கூட்டிப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் பேசினார். வெயிலிலும் கோட்டு. மற்றவர்கள் வாய் திறந்தால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்தக் காலத்தில் விண்வெளிக்குப் போன ஒருவர் பூமிக்குத் திரும்பும்போது, கலத்தின் வெப்பக் கவசம் கழன்றுவிட்டதோ என்று கீழே இருந்தவர்களுக்குச் சந்தேகமாம். அவர் கேட்டும் சொல்லவில்லையாம். நல்லவேளை, உயிரோடு வந்து சேர்ந்தாராம். இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "எரியப்போறது அவரெல்லோ? அவரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கச்சி, அவர் சும்மா உள்ளுக்க இருக்கிற ஆள். சொன்னாப் பயந்துபோவார். தெரிய வேண்டியது எங்களுக்கு."

எங்களுக்காம்! இவர் வாழ்நாளெல்லாம் பார்த்தது கழிவுநீர்க் குழாய்.

பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவர் கைதட்டினார். அவருக்கு இங்கிலிஷ் தெரியாததால் ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவருக்குப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னதை நான் அல்சர் என்று மொழிபெயர்த்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அதில் எவ்வளவு என்மேல் வருவது என்று தெரியவில்லை.

ஒன்றுகூடலுக்கு அடுத்த நாள் காலை, தேத்தண்ணி குடித்து முடிந்ததும், டொக்டர் சொன்னதை என் கணவரிடம் சொன்னேன்.