தொண்டைக்குழி அசையக் கூடாது

பாளையங்கோட்டையில் அந்த விளையாட்டு மைதானத்து வாசலில் எலுமிச்சைச் சாறு விற்கும் சித்ரலேகாவைத் தெரியாதவர்கள் குறைவு. நடைப்பயிற்சிக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் பாதித் தம்ளரை மிச்சம் வைத்தால் விடமாட்டாள். "முழுசாக் குடிங்க அண்ணாச்சி, வேர்த்து ஊத்துது பாருங்க" என்று குடித்து முடிக்கும்வரை நிற்க வைப்பாள். நல்ல மனசு என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல மனசுதான். அதற்கு அடியில் பதினோரு வருஷத்து வஞ்சம் கிடந்தது யாருக்கும் தெரியாது.

வஞ்சம் ஆவுடைநாயகம் சார் மேல். அதே மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், கால் எழும்பாது என்பது அவர் வேதம். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். தொண்டைக்குழி அசைகிறதா என்று கிட்டத்தில் நின்று பார்ப்பார். அசைந்தால் இரண்டு சுற்று கூடுதல். அவருக்கு அவருடைய வாத்தியார் சொன்னதாம். அந்த மனுஷருக்கு யார் சொன்னாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், மாநில அணிக்கான தேர்வு ஓட்டம். அப்போது அவரிடம் பயின்றுகொண்டிருந்த சித்ரலேகாவுக்குக் காலையிலிருந்தே வெறும் கொப்பளிப்புதான். முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவள் கடைசிச் சுற்றில் கண் இருட்டி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த சார், அவள் அம்மா இசக்கியம்மாவிடம், "ஒளிஞ்சு தண்ணி குடிச்சிருக்கா, அதான் விழுந்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் நம்பினாள். அணியில் இடம் போயிற்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் ஆகிற கனவும் அதோடு போயிற்று. விழுந்ததைக்கூட அவள் மறந்திருப்பாள். அந்தப் பேச்சை மறக்க முடியவில்லை.

இந்த மே மாதம் கோடைப் பயிற்சி முடிகிற நாளில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் பத்துச் சுற்று ஓட்டம் வைத்தார்கள். தண்ணீர் மேசையை சித்ரலேகாவிடம் ஒப்படைத்தார்கள். ஓடுகிறவர்கள் பட்டியலில் சார் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

எட்டரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நாலாவது சுற்றில் சார் மேசையைப் பார்த்துக் கை நீட்டினார். அவரிடம் பயிலும் பிள்ளைகள் இருபது பேர் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார்கள். சித்ரலேகா தம்ளரைக் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சார், முழுங்கிராதீங்க. கொப்பளிச்சுத் துப்புங்க."

பிள்ளைகள் பார்க்கிறார்களே, வேறென்ன செய்வார்? துப்பினார். ஆறாவது சுற்றிலும் துப்பினார். தொண்டைக்குழி அசைகிறதா என்று இவளும் கிட்டத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கு இனித்தது. விழட்டும், நான் விழுந்த மண்ணிலேயே விழட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

எட்டாவது சுற்றில் விழுந்தார். நாலு பேர் தூக்கி வேப்பமரத்து நிழலில் கிடத்தினார்கள். சித்ரலேகா உப்பும் சர்க்கரையும் கரைத்த சொம்போடு போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

"ஏட்டி, தண்ணி..." என்றார் சார்.

சொம்பு அவள் கையிலேயே இருந்தது. "அன்னைக்கு நான் ஒளிஞ்சு குடிச்சேனா சார்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லட்டி. நான்தான் பாத்துக்கிட்டே நின்னேனே. ஒரு சொட்டுகூட நீ முழுங்கல."

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். சித்ரலேகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொம்பை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். ஆனால் இருபது பிள்ளைகளும் வாய் உலர்ந்து சுற்றி நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று அவளுக்குத் தோன்றியது.

அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துச் சொம்பை வாயில் வைத்தாள். "பையக் குடிங்க. ஏட்டி, எல்லாரும் கிட்ட வாங்க. சார் தொண்டைக்குழியப் பாருங்க. அசையுதா?"

"அசையுதுக்கா" என்றாள் முன்னால் நின்ற மதுமதி.

"அப்போ போய் நீங்களும் குடிங்க. யாரும் துப்பக் கூடாது."

பிள்ளைகள் மேசைக்கு ஓடினார்கள். கடைசிப் பிள்ளை கடைசி மடக்கை விழுங்கும்வரை, சார் தலையை அந்தப் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தாள் சித்ரலேகா.