கறுப்பு உண்டா என்று கேட்டவர்

டிரெஸ்ஸர் மாசிலாமணி அவர்கள் காலமான செய்தி, சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பினாங்குத் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியான நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது வந்தது. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே கூவினார்: "கிராணியாரே, நாய் டிரெஸ்ஸர் போயிட்டாருங்க!"

"யாரு சொன்னா? நீ கண்ணால பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. துக்கம் சொல்ல வந்தவரை இப்படியா கேட்பது? என்ன செய்வேன், வருஷக்கணக்காக மூட்டை எண்ணிப் பழகியதில், யார் எதைச் சொன்னாலும் மறுபடி எண்ணிப் பார்க்கிற புத்தி எனக்கு. டிரெஸ்ஸர் அவர்களுக்கு நான் செய்த தீங்கும் அந்தப் புத்தியால் வந்ததுதான். அதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் இருந்த சிறிய மிருக வைத்தியசாலையில் மருந்து கலந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவர்கள் வேலை. ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, கோட்டு நிறைய நாய் முடி. யாரையும் நம்பமாட்டார்கள். "நாய்க்காரன் பேச்சை நம்பாதீங்க, நாயை மட்டும் நம்புங்க" என்பார்கள்.

என் நாய் ராஜாவுக்குப் பின்னங்கால் மூட்டு வீங்கி, எழுந்திருக்க முடியாமல் முனகியபோதுதான் அவர்களிடம் முதன்முதலில் போனேன். ராஜாவைத் தூக்கிக்கொண்டு தாமே தராசில் ஏறினார்கள். பிறகு தனியே ஏறி, தம் எடையைக் கழித்தார்கள். ஆஸ்பிரினை அரைத்து வைத்திருந்த சீசாவிலிருந்து கத்தி முனையால் சிறிது சிறிதாக எடுத்து நிறுத்து, நான்கு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

"ரெண்டு நாளைக்குத்தான். சோறு தின்ன பிறகு கொடுங்க. மூணாம் நாள் காலையில அது போற மலத்தை வாழையிலையில மடிச்சுக் கொண்டாங்க."

"மலத்தையா? எதுக்குங்க?"

"கொண்டாங்க, சொல்றேன்."

நான் குடியிருந்த ஜெலுத்தோங்கில் அப்போதே ஒரு பேச்சு இருந்தது: அந்த ஆள் மலத்தை வாங்கி ஏதோ சூனியம் செய்கிறார் என்று. இன்னொரு பேச்சு, அவர் நாய் பிடிக்கும் முனிசிபாலிட்டிக்காரர்களின் ஆள், மெல்ல மெல்ல விஷம் வைத்துத் தெரு நாயெல்லாம் தீர்க்கப் பார்க்கிறார் என்று. இரண்டையும் நான் நம்பினேன். அதோடு, இத்தனை பெரிய நாய்க்கு மூக்குப்பொடி அளவு மருந்தா, வெறும் சுண்ணாம்புத் தூளாக இருக்குமோ என்றும் சந்தேகப்பட்டேன். விஷம் என்றும் சந்தேகம், ஒன்றுமில்லாத தூள் என்றும் சந்தேகம்! இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாகும் என்று என் மூளைக்கு அன்று எட்டவில்லை.

ஆகவே பொடியையும் கொடுத்தேன். கடையில் மனிதருக்கு விற்கும் ஆஸ்பிரின் மாத்திரை வாங்கி, வேளைக்கு இரண்டு வீதம் மீனில் பொதிந்தும் கொடுத்தேன். முதல் நாள் ராஜா துள்ளி ஓடியது. பார்த்தாயா, என் மருந்துதான் வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் காலை அது ரத்தமாக வாந்தி எடுத்தது. மலம் தார் போலக் கறுத்திருந்தது.

ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினேன். "விஷம் வச்சிட்டியே, பாவி!" என்று அத்தனை பேர் முன்னிலையில் டிரெஸ்ஸர் அவர்களைப் பார்த்துக் கத்தினேன். அவர்கள் ராஜாவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாச்சும் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடை மாத்திரை?"

"ஒண்ணுமே கொடுக்கல."

"எல்லாரும் எங்கிட்டப் பொய்தான் சொல்வாங்க. நீங்க மூட்டை எண்ணுற கிராணி, கணக்கா இருக்கிற ஆளு. உங்க பேச்சை நம்புறேன்" என்றார்கள். ஐயோ, அந்த மனிதர் வாழ்நாளில் நம்பிய ஒரே நாய்க்காரன் நான்தான் போலிருக்கிறது!

ஆறு நாள் கூவைமாவுக் கஞ்சி ஊட்டி ராஜாவைப் பிழைக்க வைத்தார்கள். தார் போன்ற மலம் என்றால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே மருந்தை நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் வாழையிலை என்று அப்போதுதான் விளங்கச் சொன்னார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் தாம் படிக்கவில்லை என்றும், நாய்களைப் பார்த்தே தெரிந்துகொண்டதாகவும் சொன்னார்கள். ஆனால் அன்றோடு அந்தச் சீசா மேல் தட்டுக்குப் போய்விட்டது. "சரியா எடை போட்டுத்தான் கொடுத்தேன், அப்படியும் ரத்தம் வந்திடுச்சு. இனி இந்தப் பொடியை நம்பமாட்டேன்" என்றார்கள். அதன்பிறகு கால் வலியோடு வந்த நாய்க்கெல்லாம் வெந்நீர் ஒத்தடம்தான். அவை முனகிக்கொண்டே திரும்பிப் போயின. என் பொய்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் சென்றிருக்கும். டிராம் நிற்கும் இடத்தில் டிரெஸ்ஸர் அவர்களைக் கண்டேன். தம்முடைய கிழட்டு நாய் சின்னியைக் குழந்தை போலத் தோளில் சுமந்து நின்றார்கள். அதற்கும் மூட்டு வலி. எட்டு மாதமாக இப்படித்தான் தூக்கித் திரிவதாகச் சொன்னார்கள். அவர்கள் கை அசையும்போதெல்லாம் சின்னி வீறிட்டது.

"கொஞ்சம் பொடி கொடுத்துப் பாக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

"உங்க ராஜா பட்ட பாட்டை மறந்திட்டீங்களா?"

அங்கேயே, மழையில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபம் அவர்களுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை. "எட்டு மாசம்லா, எட்டு மாசம்! இது ராத்திரி பகலா அழுதுச்சு. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்!" என்றார்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மாத்திரை? நாளைக்கா, வேளைக்கா?" என்று கேட்டார்கள். சொன்னேன்.

"அன்னைக்குப் பொய் சொன்ன வாய். இன்னைக்குச் சொல்றது நிசம்னு எப்படி நம்புறது?"

மழை படாமல் சின்னியைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"நாளைக் காலையில வீட்டுக்கு வாங்க. கால்வாசிப் பொடிதான் கொடுப்பேன். மலத்தை நீங்களும் பாக்கணும், நானும் பாக்கணும்" என்றார்கள்.

அப்படித் தொடங்கியது எங்கள் சிநேகம். தினமும் வேலைக்குப் போகுமுன் அவர்கள் வீட்டுக் கொல்லையில் குச்சியும் கையுமாக இருவரும் குந்தியிருப்போம். "கறுப்பு உண்டா?" என்பார்கள். "இல்லீங்க" என்பேன். "தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று தாமே பார்ப்பார்கள். ஒரு நாள்கூட என் சொல்லை ஏற்றதில்லை. மூன்று வாரத்தில் சின்னி தானாக எழுந்து நடந்தது. மேல் தட்டுச் சீசாவும் கீழே இறங்கியது. மற்ற நாய்களுக்கும் வலி தணிந்தது.

காய்ச்சலில் படுத்த கடைசி நாட்களிலும், கொல்லையைப் பார்த்த சன்னலோரக் கட்டிலிலிருந்து, கறுப்பு உண்டா என்று கேட்பார்கள். நான் குச்சியை உயர்த்திக் காட்டுவேன். அவர்கள் எழுந்து வந்து பார்க்க முடியாது. நம்பாமல் தலையை ஆட்டுவார்கள்.

இறுதி ஊர்வலத்தில் சின்னி சுடுகாடு வரை தன் காலாலேயே நடந்து வந்தது. யாரும் தூக்கவில்லை.

மறுநாள் காலை என் கால்கள் தாமாக அந்தக் கொல்லைக்குப் போயின. சின்னிக்கு அவர்கள் மனைவி சோறு வைத்திருந்தார்கள். நான் குச்சியை எடுத்துக்கொண்டு குந்தினேன். வெளிச்சம் படும்படி நகர்ந்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். பிறகு சன்னல் வழியே வெறுங் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்: "கறுப்பு இல்லீங்க, ஐயா. நிசமாத்தான் சொல்றேன்."

தள்ளுங்க என்று சொல்ல யாரும் எழுந்து வரவில்லை. நான் இன்னும் ஒருமுறை பார்த்தேன்.