மேகத்தைத் திட்டிய கார்த்திகை

அண்ணாமலையானை நம்புகிற உங்களிடம் என் கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இன்னும் முழுக்க ஆறவில்லை.

எனக்குக் கொல்லிமலை, ஆலத்தூர் நாடு. ஐம்பத்தெட்டாம் வருஷ வாக்கில் என் மகள் பாப்பாயிக்கு ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும். வாயில் மட்டும் ஒரு சொல் வராது. பார்க்காத வைத்தியம் இல்லை, கட்டாத கயிறு இல்லை. என் மாமியார் பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே, "இவ வவுறு செஞ்ச பாவம், ஊமையப் பெத்துட்டா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைக்கு எல்லாம் புரியும் என்று அவருக்குத் தெரியாதா?

வடக்கே திருவண்ணாமலை உச்சியில் ஏற்றும் ஜோதியைக் காட்டினால் பேச்சு வரும் என்று சேந்தமங்கலம் சந்தையில் ஓர் அம்மா சொன்னார். அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன். ஆனால் கார்த்திகையில்தான் எங்கள் காட்டில் ராகி முற்றி நிற்கும். பன்றி இறங்கும். பரணில் உட்கார்ந்து கத்தி விரட்ட ஆள் வேண்டும்.

"ஏனுங்க, இந்த வருசமாச்சும் போலாமுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"பன்னி திங்கட்டும்னு காட்ட உட்டுட்டுப் போறதா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

போன வருஷமும் இதையேதான் சொன்னார். நான் சும்மா இருக்கவில்லை. ஓரகத்தியின் காட்டில் களையெடுத்துக் கொடுத்து, எங்கள் பரணுக்கு அவளைக் காவல் பேசினேன். கம்பளியும் ராகி மாவும் கட்டிவைத்தேன். "நீங்க வராட்டி நான் மட்டும் போறேனுங்க" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் கிளம்பினார்.

அடிவாரம் வரை நடை. பிறகு பஸ் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் மழை. பிள்ளை குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள். போய்ச் சேர்ந்தால் மலையையே காணோம். உச்சி முழுக்க மேகம். பொழுது சாய்ந்தது. தீபம் ஏற்றியாயிற்று என்றார்கள். கூட்டம் அரோகரா போட்டது. எங்கள் கண்ணுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"இதுக்காடி வந்தோம்?" என்றார் அவர்.

எனக்குக் கும்பிடக் கை எழவில்லை. இத்தனை பாடுபட்டு வந்தவளுக்கு இதைக்கூடக் காட்டமாட்டாயா? பாப்பாயியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பன்றியை விரட்டும் அதே குரலில் மேகத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"தொலை! ஏய், தொலை!"

"சாமியவா திட்டற?" என்று பக்கத்தில் ஒருவர் அதட்டினார். நான் நிறுத்தவில்லை.

"தொலை!"

இது என் குரல் இல்லை. என் இடுப்பிலிருந்து வந்தது.

வருஷா வருஷம் பரணில் என் மடியில் உட்கார்ந்து அவள் கேட்ட சொல். "தொலை, தொலை" என்று மேகத்தை நோக்கிக் கையை வீசினாள். மேகம் விலகியது. கூட்டம் அலறியது. "அங்க பாரு, அங்க பாரு" என்று என்னை உலுக்கினார் அவர். அழுதுகொண்டிருந்தார். நான் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்துவதற்குள் மேகம் மூடிவிட்டது.

ஊருக்குத் திரும்பினோம். "அப்பத்தான்னு சொல்லு கண்ணு" என்று மாமியார் குழைந்தார். பாப்பாயி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொலை" என்றாள். நான் அதட்டவில்லை.

அன்றிலிருந்து நாளைத் தொடங்கும்போதே அண்ணாமலையானை நினைக்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். கும்பிட்டுக் கேட்க முடியாவிட்டால் கோபித்துக் கேளுங்கள். அவன் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டான்.

அந்த ஜோதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ரொம்ப அழகாக இருந்ததாம். பாப்பாயி சொன்னாள்.